சொட்டு நீர் மானியம்: யாருக்கு எவ்வளவு?

குப்பம் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேலே கொஞ்சம் மண். அதற்குக் கீழே கருங்கல் பாறை. பாறையில் உள்ள வெடிப்புகளில்தான் தண்ணீர் தங்குகிறது. முன்பு கிணறு வெட்டினார்கள். கவலை கட்டி இறைத்தார்கள். பிறகு மோட்டார் வந்தது. கிணறு வற்றியது. போர் போட்டார்கள். 200 அடி போதும் என்றார்கள். பிறகு 500 அடி. இப்போது 1000 அடிக்கும் கீழே போகிறார்கள். அங்கேயும் சில சமயம் தண்ணீர் வருவதில்லை. வெள்ளைப் புழுதிதான் வருகிறது.

போர் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார். தண்ணீர் வந்தாலும் வாங்குவார். வராவிட்டாலும் வாங்குவார். அந்தக் காசுக்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

சித்தூர், திருப்பதிப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறு, சுவர்ணமுகி, நீவா எல்லாம் மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணல்தான். பழைய சித்தூர் மாவட்டம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. கிழக்கே சத்தியவேடு, ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் கூடுதல். மேற்கே குப்பம், பலமநேர்ப் பக்கம் குறைவு. மழை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் மிதந்தது. வேறு சில ஆண்டுகளில் ஏரியில் மாடு மேயும்.

2025 ஆகஸ்டில் ஹந்திரி-நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நதி நீர் குப்பத்துக்கு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் கால்வாய் எல்லா மேட்டு நிலத்துக்கும் போகாது. அங்கே இன்றும் போர்தான்.

ஆகவே உள்ள தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். அதற்காக அரசு விவசாயிக்குப் பண உதவி செய்கிறது. அதுதான் சொட்டு நீர் மானியம்.

சொட்டு நீர் என்றால் என்ன?

வாய்க்காலில் தண்ணீர் விடுகிறோம். பாத்தி நிறைகிறது. செடி குடிப்பது கொஞ்சம். வழியில் மண் குடிப்பது கொஞ்சம். வெயிலில் ஆவியாவது கொஞ்சம். களை குடிப்பதும் உண்டு.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தண்ணீர்? ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர்! ஒரு அங்குலம் என்பது நம் கட்டைவிரல் அகலம்தான்.

சொட்டு நீரில் வாய்க்கால் இல்லை. கறுப்பு நிற மெல்லிய குழாய் செடி வரிசையை ஒட்டிப் போகிறது. குழாயில் சின்னச் சின்னச் சொட்டுவான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விடும் என்று வைத்துக்கொள்வோம். தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 5 அடி. சொட்டுவானுக்குச் சொட்டுவான் 2 அடி. ஒரு ஏக்கருக்குச் சுமார் 4,350 சொட்டுவான்கள் வரும். எல்லாம் சேர்ந்து மணிக்கு 17,000 லிட்டர் சொச்சம் விடும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் பெரும்பாலும் போதும். உங்கள் போர் அவ்வளவு தண்ணீர் தராதா? அப்படியானால் ஏக்கரை இரண்டு மூன்று பாகமாகப் பிரிப்பார்கள். பாகத்துக்கு ஒரு வால்வு. ஒன்றை மூடி ஒன்றைத் திறக்க வேண்டும்.

மாந்தோப்புக்கு இன்னும் குறைவு. 10 மீட்டருக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு 40 மரம். மரத்துக்கு 4 சொட்டுவான். 4 மணி நேரம் ஓடினால் தோப்பு முழுவதற்கும் 2,560 லிட்டர்தான் செலவு. வெயில் காலத்தில் காய்க்கும் பெரிய மரத்துக்கு இது பற்றாது. இளம் தோப்புக்குச் சரி.

இந்த முறை இஸ்ரேல் நாட்டில் பெரிதாக வளர்ந்தது. சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளர் ஒரு மரத்தைக் கண்டார். மற்ற மரங்களைவிட அது செழித்திருந்தது. பக்கத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. 1965ல் அங்கே சொட்டுவான் செய்யும் கம்பெனி தொடங்கியது. 1990களின் கடைசியில் குப்பத்திலேயே இஸ்ரேல் முறையில் ஒரு மாதிரிப் பண்ணை போட்டுக் காட்டினார்கள். அன்று அதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தச் செலவு ஏழை விவசாயியால் ஆகாது. மானியம் வந்த பிறகுதான் சொட்டு நீர் சாதாரண நிலத்துக்கு வந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஆந்திராவில் 2003 நவம்பரில் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் தொடங்கியது. 2006ல் மத்திய அரசும் இதற்கென்று திட்டம் போட்டது. 2015ல் அது பிரதமர் பாசனத் திட்டத்தில் சேர்ந்தது. 'ஒரு சொட்டில் அதிக விளைச்சல்' என்பது அதன் பெயர்.

மத்திய திட்டத்தின்படி சிறு, குறு விவசாயிக்கு 100க்கு 55 பங்கு உதவி. மற்றவர்களுக்கு 100க்கு 45. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. ஒருவருக்கு அதிகம் போனால் 5 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை ஏக்கருக்குத்தான் உதவி கிடைக்கும். இந்த 55 பங்கும் தில்லியிலிருந்து வருவதில்லை. அதை 100 என்று வைத்தால் மத்திய அரசு 60 தருகிறது. மாநில அரசு 40 தருகிறது.

ஆந்திர அரசு இதற்கு மேலும் தன் பணத்தைச் சேர்க்கிறது. ராயலசீமாவில் சிறு, குறு விவசாயிக்கு 100க்கு 90 வரை கிடைக்கிறது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி விவசாயிகளுக்கு முழுவதும் கிடைப்பதும் உண்டு. நில அளவுக்கு வரம்பு உண்டு. பணத்துக்கும் வரம்பு உண்டு. அரசாணை மாறினால் இந்த அளவுகளும் மாறும். அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கருக்கு அரசு ஒப்புக்கொண்ட செலவு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 90 பங்கு.

மத்திய திட்டத்தின் 55 பங்கு: 27,500 ரூபாய்.
இதில் மத்திய அரசு தருவது: 16,500 ரூபாய்.
மாநில அரசு தருவது: 11,000 ரூபாய்.
மாநில அரசு கூடுதலாகத் தரும் 35 பங்கு: 17,500 ரூபாய்.
மொத்த மானியம்: 45,000 ரூபாய்.
விவசாயி கட்ட வேண்டியது: 5,000 ரூபாய்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கம்பெனிக்காரர் 60,000 ரூபாய்க்கு மதிப்பீடு போடுகிறார். அரசு ஒப்புக்கொண்டது 50,000 தான். 90 பங்கு என்பது எதில்? 50,000ல்தான். மீதி 10,000 யார் தலையில்? விவசாயி தலையில். அவர் 5,000 கட்ட மாட்டார். 15,000 கட்டுவார். 'நூத்துக்குத் தொண்ணூறு' என்று காதில் விழுந்ததை மட்டும் நம்பினால் இப்படி ஆகும். மதிப்பீட்டுத் தாளில் இரண்டு தொகைகளைத் தேட வேண்டும். ஒன்று, மொத்தச் செலவு. இன்னொன்று, விவசாயி பங்கு.

மானியப் பணம் பெரும்பாலும் விவசாயி கைக்கு வருவதில்லை. அவருடைய சம்மதத்தோடு கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி முதலில் பொருளைப் போடும். அதிகாரி பார்த்துச் சரி என்று எழுதிய பிறகு அரசு கம்பெனிக்குப் பணம் தரும். அரசு தாமதித்தால் கம்பெனி அடுத்த வேலைக்கு வராது. 2019க்குப் பிறகு ஆந்திராவில் இப்படித்தான் ஆனது. கம்பெனிகளுக்குப் பாக்கி தங்கியது. திட்டம் ஏறக்குறைய நின்றது. 2022ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நடுவில் பதிவு செய்தவர்கள் வெறுமனே காத்திருந்தார்கள்.

எப்படி வாங்குவது?

முதலில் உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பாருங்கள். 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தது. குப்பமும் பலமநேரும் சித்தூரிலேயே இருக்கின்றன. ஸ்ரீகாளஹஸ்தியும் சத்தியவேடும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. பழைய நினைப்பில் தவறான ஆபீசுக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு.

ஊரில் உள்ள ரைத்து சேவா கேந்திரத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். முன்பு இதற்கு ரைத்து பரோசா கேந்திரம் என்று பெயர். பட்டாதார் பாஸ்புக், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் வேண்டும். தண்ணீர் வரும் போரும் மோட்டாரும் இருக்க வேண்டும்.

பிறகு அதிகாரியும் கம்பெனி ஆளும் நிலத்துக்கு வருவார்கள். அளப்பார்கள். எந்தப் பயிர், எவ்வளவு இடைவெளி, போரில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். போரில் நிறையத் தண்ணீர் வருகிறது என்று பெருமைக்குச் சொன்னால் குழாய் அளவு தப்பாகிவிடும். கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகாது.

அடுத்து மதிப்பீடு. அடுத்து விவசாயி பங்கைக் கட்டுவது. அதற்கு ரசீது வாங்க வேண்டும். குழாயும் பில்டரும் வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்தி, ஓட்டிக் காட்டிய பிறகு அதிகாரி மறுபடி வருவார். போட்டோ எடுப்பார். கையெழுத்துக் கேட்பார்கள்.

இந்தக் கையெழுத்துதான் முக்கியம். தாள் தெலுங்கில் இருக்கும். நம்மில் பலருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சிலர் இப்போதுதான் அதையும் கற்றிருக்கிறோம். கம்பெனிப் பையன் அவசரப்படுத்துவான்.

"பெரியவரே, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னா எழுதியிருக்குது தம்பி?"

"எல்லாம் சரியா வந்துச்சுன்னு எழுதியிருக்குது. அவ்வளவுதான்."

"எல்லாம்னா என்னென்ன? ஒண்ணொண்ணா படி. நான் எண்ணிக்கிறேன்."

இந்தப் பெரியவர் கேட்டது சரி. 'எல்லாம் வந்தது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு பில்டர் வரவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகும் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவள் தெலுங்கு படிப்பாள்.

யாருக்குக் கிடைப்பதில்லை?

பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மானியம். இதில் பலர் வெளியே நிற்கிறார்கள். அப்பா செத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி நான்கு பேர் உழுவார்கள். ஒருவர் பெயரிலும் தாள் இருக்காது. வயலில் நாள் முழுவதும் நிற்பது பெண். பாஸ்புக்கில் அவள் பெயர் இல்லை.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். 2019ல் ஆந்திர அரசு சாகுபடியாளர் உரிமைச் சட்டம் போட்டது. குத்தகை விவசாயிக்கு 11 மாதத்துக்கு அட்டை தருவார்கள். அதற்கும் நிலக்காரர் சம்மதம் வேண்டும். அந்த அட்டை பயிர்க்கடன் போன்றவற்றுக்கானது. சொட்டு நீருக்கோ பதிவு செய்த நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் அது எங்கே கிடைக்கும்? போர் இல்லாத மானாவாரி விவசாயிக்கும் இந்த மானியத்தால் பயன் இல்லை. நிலக்கடலை போட்டு வானத்தைப் பார்ப்பவர் அவர். தண்ணீரே எடுக்காதவருக்குத் தண்ணீர்ச் சிக்கனத்துக்கான பணம் ஒரு ரூபாயும் கிடையாது. இது நியாயமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வாரிசுப் பெயர் மாற்றம் செய்யாதவர்கள் முதலில் தாசில்தார் ஆபீசில் அதைச் செய்ய வேண்டும். சொட்டு நீருக்கு மட்டும் இல்லை. எல்லா உதவிக்கும் அதுதான் சாவி.

குழாயைக் காப்பாற்றுவது

சொட்டுவானின் ஓட்டை குண்டூசி அளவுதான். மணல் அடைக்கும். உப்பு அடைக்கும். பாசி அடைக்கும். பில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியே விட வேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். இதைக் கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்கும்போது செய்வது நல்லது. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஆசிட் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்துக் கண் போய்விடும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். அறுவடை ஆனதும் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். குழாயைப் பழைய பிளாஸ்டிக் கடையில் போட்டுவிட்டு மறுபடி பாத்தி கட்டியவர்களும் உண்டு. குறை அவர்களிடம் மட்டும் இல்லை. போட்டுவிட்டுப் போன கம்பெனி ஆள் திரும்பி வராததும் காரணம்.

மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இது. இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஆளுக்கொரு போர். முதல் ஆள் பாய்ச்சலில் ஒரு ஏக்கர் தக்காளி வைத்திருந்தார். சொட்டு நீர் போட்டார். பாதித் தண்ணீர் மிச்சம். மிச்சத் தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் தக்காளி வைத்தார். வருமானம் கூடியது. அவர் மேல் தப்பில்லை. ஆனால் பாறைக்குள் இருந்து எடுத்த தண்ணீர் குறைந்ததா? இல்லை. முன்பு எடுத்த அளவே இப்போதும் எடுக்கிறார். முன்பு பாத்தியில் தேங்கிய தண்ணீரில் கொஞ்சமாவது மறுபடி பூமிக்குள் இறங்கியது. இப்போது அதுவும் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரரின் போர் வற்றியது.

விவசாயி மிச்சம் பிடிக்க என்ன காரணம் இருக்கிறது? 2004 முதல் ஆந்திராவில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். கரண்டு வரும் நேரமெல்லாம் மோட்டார் ஓடினாலும் பில் வராது. இலவசக் கரண்டு இல்லாவிட்டால் ஏழை விவசாயி பிழைக்க மாட்டார். அதுவும் உண்மை. ஆனால் அரசு குழாய்க்குப் பணம் தருகிறது. பூமியில் விட்டு வைத்த தண்ணீருக்குத் தருவதில்லை.

வேறு ஊர்களில் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1985 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. மண் அரித்துப்போகும் நிலத்தில் பயிர் வைக்காமல் புல்லும் மரமும் வளர்த்தால், 10 முதல் 15 ஆண்டு வரை அரசு வாடகை தரும். பஞ்சாபில் 2018ல் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. 'தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி' என்று அதற்குப் பெயர். சேர்ந்த விவசாயியின் மோட்டாருக்கு மீட்டர் வைத்தார்கள். இவ்வளவு யூனிட் உனக்கு என்று ஒரு அளவு சொன்னார்கள். அதைவிடக் குறைவாக ஓட்டினால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். மோட்டாரை நிறுத்தினாலும் வருமானம்! மீட்டர் வைத்தால் நாளைக்குப் பில் வரும் என்ற பயம் எந்த ஊர் விவசாயிக்கும் இருக்கும். அதனால் இந்த மாதிரித் திட்டத்தை மெதுவாகத்தான் நடத்த முடியும்.

சட்டத்தின் வழியும் இருக்கிறது. 2002ல் ஆந்திராவில் நீர், நிலம், மரச் சட்டம் வந்தது. அதன்படி புது போர் போட அனுமதி வாங்க வேண்டும். பக்கத்துப் போருக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். ஆனால் இரவில் வண்டி வந்து துளை போட்டுவிட்டுப் போனால் யார் பார்ப்பது?

பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இன்னொரு வழியும் நடந்தது. அது அதிகம் பேருக்குத் தெரியாது. 2003 முதல் சில ஆண்டுகள் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் நெதர்லாந்து நாடும் உதவி செய்து ஒரு திட்டம் நடந்தது. ஆந்திராவின் வறண்ட 7 மாவட்டங்களில் 638 ஊர்களில் நடந்தது. சித்தூரும் அதில் ஒன்று. இந்தத் திட்டம் யாருக்கும் மானியம் தரவில்லை. ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. கொடுத்தது மழைமானியும், போரின் ஆழத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளக்கும் கருவியும், கணக்குப் புத்தகமும்தான்.

ஊர் ஆண்களும் பெண்களும் மழையை அளந்தார்கள். 15 நாளைக்கு ஒரு முறை போர்களில் தண்ணீர் மட்டத்தை அளந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் எழுதினார். தெரியாதவர் கருவியைப் பிடித்தார். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடியது. இந்த ஆண்டு மழையால் பூமிக்குள் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது? ஒவ்வொருவரும் என்ன பயிர் வைக்க நினைக்கிறார்கள்? அதற்கு எவ்வளவு தண்ணீர் ஆகும்? வரவையும் செலவையும் எழுதினார்கள். வரவு குறைவாகவும் செலவு அதிகமாகவும் இருந்தால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

நெல் வைக்காதே என்று யாரும் கட்டளை போடவில்லை. கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஊரில் எழுதி வைத்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். பல ஊர்களில் அடுத்த பருவத்தில் நெல் பரப்பு குறைந்தது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்கள் கூடின. சிலர் சொட்டு நீரும் போட்டார்கள். போரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு போட்டார்கள்.